மானும் சிங்கமும்

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, "ஏதாவது டெக்னிகலா எழுதப்பா" என்றுதான் சொன்னார்கள். கம்பி விலை, கான்கிரீட் தரம், பாலம் கட்டிய அனுபவம் இதையெல்லாம் நம் நண்பர்கள் என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். நான் எடுத்துக் கொண்ட தலைப்பு சக்தி. மின்சக்தி இல்லை, பராசக்தி!

முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். பொறியியல் படித்தவன் சக்தியைப் பற்றிப் பேச வந்தால் நேராக ஐன்ஸ்டீன் சமன்பாட்டில் போய் நிற்பது வழக்கம். சிவன் நிலை ஆற்றல், தேவி இயக்க ஆற்றல், இரண்டும் சேர்ந்தது பிரபஞ்சம் என்று முடித்தால் கைதட்டலும் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் வரலாறு கிடையாது. சிவில் படித்தவனுக்குத் தெரிந்த வேலை வேறு. ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்தால், எந்தச் சுவர் முதலில் வந்தது, எது பிறகு ஒட்டியது, எங்கே இணைப்பு தெரிகிறது என்று தேடுவோம். அதே கண்ணோடு, தமிழ்நாட்டில் பெண் தெய்வம் எங்கே தொடங்கினாள், யார் அவளுக்கு வீடு கட்டினார்கள், அந்த வீட்டில் அவளுக்கு எந்த அறை கிடைத்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு ஒரு துப்பும் வைத்திருக்கிறேன். துர்க்கைக்கு வாகனம் சிங்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தமிழ்நாட்டின் சில பழைய துர்க்கைகளுக்குப் பக்கத்தில் சிங்கத்தோடு ஒரு மானும் நிற்கிறது. அந்த மான் எங்கிருந்து வந்தது?

பாலை நிலத்துக் கொற்றவை

நம்மிடம் உள்ள மிகப் பழைய இலக்கணமான தொல்காப்பியம், புறத்திணையியலில் 'கொற்றவை நிலை' என்ற துறையைச் சொல்கிறது. ஆநிரை கவரும் வெட்சித் திணையை ஒட்டி அது வருகிறது. கொற்றவை என்றால் கொற்றம் தருபவள், வெற்றிக்கு உரியவள். திருமுருகாற்றுப்படை முருகனையே கொற்றவையின் மகன் என்று அழைக்கிறது.

அவளை நேரில் பார்த்த மாதிரி காட்டுவது சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி. மதுரைக்குப் போகும் வழியில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் எயினர் ஊர் ஒன்றில் தங்குகிறார்கள். எயினர் வேட்டைக்காரர்கள், வழிப்பறியும் செய்பவர்கள். அந்த ஊரில் சாலினி என்ற பெண்ணுக்கு அருள் வருகிறது. "ஆநிரை கவரப் போகாமல் அடங்கிப் போய்விட்டீர்களே, கொடுக்க வேண்டிய பலியைக் கொடுங்கள்" என்ற கருத்தில் அவள் கூட்டத்தையே அதட்டுகிறாள். உடனே அந்தக் குலத்தில் பிறந்த ஒரு சிறுமிக்குக் கொற்றவை வேஷம் போடுகிறார்கள். சடையில் பாம்பு போல ஒரு வெள்ளிக் கயிறு, பிறைக்குப் பதில் பன்றிக் கொம்பு, கழுத்தில் புலிப்பல் தாலி, இடுப்பில் தோல் ஆடை, கையில் வில். அப்படி அலங்கரித்த பிறகு அவளை ஒரு கலைமான் மேல் ஏற்றுகிறார்கள்.

நம் மான் கிடைத்து விட்டது! கொற்றவைக்கு வாகனம் மான். பாலை நிலத்து வேட்டுவர் மான்தானே பார்த்திருப்பார்கள், சிங்கத்தை எங்கே கண்டார்கள்?

ஆனால் இதை வைத்து, அது சுத்தத் தமிழ்த் தெய்வம், மற்றதெல்லாம் பிறகு வந்த கலப்பு என்று கோடு கிழித்துவிட முடியாது. அதே வேட்டுவ வரியில் கொற்றவை எருமைத் தலை மேல் நிற்கிறாள். சிவனுக்கு உரிய நெற்றிக் கண்ணும் திருமாலுக்கு உரிய சங்கு சக்கரமும் அவளுக்கு இருக்கின்றன. அதாவது இளங்கோவடிகள் எழுதும்போதே இரண்டு ஆறுகள் கலந்து ஓடிக் கொண்டிருந்தன.

வடக்கிலிருந்து வந்த ஆறு

அந்த இரண்டாவது ஆறும் நீளமானது. ரிக் வேதத்தின் 10-வது மண்டலத்தில் 125-வது சூக்தம், ஒரு பெண் குரல் தன்னையே எல்லாத் தேவர்களையும் தாங்கும் ஆற்றலாகச் சொல்லிக் கொள்வது. மரபு அதை வாக் என்ற பெண் ரிஷிக்கு உரியதாகக் கூறும். கேன உபநிஷத்தில் தேவர்களுக்குக் கர்வம் வந்து, எதிரில் நின்ற பரம்பொருள் எது என்று தெரியாமல் விழிக்கும்போது, இந்திரனுக்கு அதை விளக்கிச் சொல்லும் ஆசிரியை உமா ஹைமவதி. எருமை அசுரனை அடக்கும் தேவியின் சிற்பங்கள் குஷாணர் காலத்து மதுரா நகரிலேயே கிடைத்திருக்கின்றன.

இவை எல்லாவற்றையும் ஒரே கதையாகக் கட்டியது தேவி மாஹாத்மியம். மார்க்கண்டேய புராணத்தின் ஒரு பகுதியான இது 13 அத்தியாயம், 700 மந்திரங்கள் என்று எண்ணப்படுவது. கி.பி. 5, 6-ம் நூற்றாண்டை ஒட்டியது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. எல்லாத் தேவர்களின் ஒளியும் ஒன்று கூடி ஒரு பெண்ணாகிறது. ஒவ்வொருவரும் ஓர் ஆயுதம் தருகிறார்கள். இமயமலை சிங்கத்தைத் தருகிறது. அவள் மகிஷனைக் கொல்கிறாள்.

பலர் கவனிக்காமல் விடும் இடம் கடைசியில் வருகிறது. சும்பன் என்ற அசுரன், "மற்றவர்கள் பலத்தில் நின்று கொண்டு பெருமை பேசுகிறாயே" என்று கேலி செய்கிறான். கூடப் போரிட்ட சக்திகள் எல்லோரையும் அவள் தனக்குள் வாங்கிக் கொண்டு, இவர்கள் எல்லாம் நானே, இப்போது தனியாகத்தான் நிற்கிறேன், வா என்கிறாள். இந்தப் போர்களில் எங்கும் அவள் ஒரு கணவனின் மனைவி என்ற நிலையில் சண்டை போடவில்லை. சக்தி என்ற சொல்லின் வேருக்கே 'முடிதல்', 'இயலுதல்' என்றுதான் பொருள். எது இயலச் செய்கிறதோ அது சக்தி.

கல்லில் கட்டிய குடிசை

இரண்டு ஆறும் கலந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மாமல்லபுரம் போக வேண்டும். காலேஜ் டூரில் நாம் எல்லோரும் போன இடம்தான். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையைத் தள்ளுகிற மாதிரி போட்டோ எடுத்துவிட்டு, கடலைப் பார்க்க ஓடி விட்டோம். இப்போதைய மாணவர்களாவது கொஞ்சம் நின்று பாருங்கள்.

7-ம் நூற்றாண்டில் பல்லவர் குடைந்த மகிஷமர்த்தினி குகையின் வடக்குச் சுவரில் தேவி சிங்கத்தின் மேல் அமர்ந்து, எட்டுக் கைகளோடு, வில்லை நாண் இழுத்து எய்கிறாள். எதிரே எருமைத் தலையும் மனித உடலுமாக மகிஷன் கதையைப் பிடித்தபடி பின்னால் சாய்கிறான். அவன் இன்னும் சாகவில்லை, ஆனால் தோற்று விட்டான் என்பது அந்தச் சாய்வில் தெரிகிறது. அதே குகையின் நடுக் கருவறைச் சுவரில் சோமாஸ்கந்தர் இருக்கிறார். அங்கே சிவன் பக்கத்தில் உமை, குழந்தை கந்தனோடு அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள். ஒரே குகையில் குடும்பத் தலைவியாக ஒருத்தி, போர்க்களத்தில் தனியாக ஒருத்தி! இதில் எது சரி என்று பல்லவச் சிற்பி கேட்கவில்லை. இரண்டையும் செதுக்கி விட்டான்.

பக்கத்தில் வராக மண்டபத்துக்குப் போனால் நின்ற கோலத்தில் துர்க்கை. தலைக்கு மேல் குடை. ஒரு புறம் சிங்கத் தலை, மறுபுறம் மான் தலை! காலடியில் உள்ள வீரர்களில் ஒருவன் தன் தலையையே அரிந்து கொடுக்கத் தயாராக இருக்கிறான். வேட்டுவ வரியில் கேட்ட பலி, கல்லில் வந்து விட்டது.

ஐந்து ரதங்களில் மிகச் சிறியதான திரௌபதி ரதத்தின் உள்ளே இருப்பதும் திரௌபதி இல்லை, துர்க்கைதான். அதன் கூரையைப் பாருங்கள். மாடி இல்லை, அடுக்கு இல்லை, கூரை வேய்ந்த குடிசையின் வடிவம். ஒரே பாறையில் செதுக்கிய குடிசை! வாசலில் சிங்கம் நிற்கிறது. பக்கத்தில் மற்ற தெய்வங்களுக்கு விமானம் செதுக்கிய அதே கைகள் இவளுக்குக் குடிசை செதுக்கியதற்குக் காரணம், ஊர் எல்லையில் அவளுடைய வீடு அப்படித்தான் இருந்தது என்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

சோழர் கொடுத்த இடம்

கி.பி. 850 வாக்கில் விஜயாலய சோழன் தஞ்சையைப் பிடித்தான். பிடித்ததும் அவன் அங்கே எழுப்பிய கோவில் நிசும்பசூதனிக்கு, அதாவது நிசும்பனை அழித்த தேவிக்கு. இதைச் சொல்வது அவன் வம்சத்தில் வந்த ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு. சோழப் பேரரசின் முதல் கோவில் அம்மன் கோவில் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தஞ்சைக்கு அருகே புள்ளமங்கையில் முதலாம் பராந்தகன் காலத்துச் சிவன் கோவில் இருக்கிறது. அதன் வடக்குச் சுவர் மாடத்தில் துர்க்கை எருமைத் தலை மேல் நிற்கிறாள். குடை இருக்கிறது, சிங்கம் இருக்கிறது, மான் இருக்கிறது. ஒரு வீரன் தலையை அரிகிறான், இன்னொருவன் தொடையிலிருந்து ரத்தம் கொடுக்கிறான். சோழச் சிற்பத்தில் இதைவிட அழகான துர்க்கையை நான் பார்த்ததில்லை. ஆனால் இணைப்பைத் தேடும் கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரிகிறது. அவள் இப்போது கருவறையில் இல்லை. சிவன் கோவிலின் வெளிச்சுவரில், வடக்கு மாடத்தில் நிற்கிறாள். தனி வீட்டுக்காரி, பெரிய வீட்டில் ஓர் இடம் பெற்று விட்டாள். பின்னால் வந்த சிவாலயங்களில் அதுவே விதியாகி விட்டது.

கி.பி. 1010-ல் ராஜராஜன் பெரிய கோவிலை முடித்தான். 200 அடிக்கு மேல் உயர்ந்த விமானம். ஆனால் அந்த மூலத் திட்டத்தில் அம்மனுக்குத் தனிச் சன்னதி கிடையாது. இன்று நாம் கும்பிடும் பெரியநாயகி சன்னதி 13-ம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் சேர்ந்தது. அப்படியானால் ராஜராஜன் காலத்தில் தேவியே இல்லையா? இருந்தாள். ஆடவல்லானுக்குத் துணையாக உமா பரமேசுவரியின் செப்புத் திருமேனியைச் செய்து வைத்தது அவனுடைய அக்கா குந்தவை. கல்வெட்டு அதைச் சொல்கிறது. அம்மனுக்கு இடம் கேட்டது ஒரு பெண் என்பது குறிப்பிடத்தக்கது.

ராஜேந்திரன் காலம் தொட்டு, சிவன் கோவில்களில் அம்மனுக்கென்று தனிக் கட்டடம் எழும் வழக்கம் பரவியது. கல்வெட்டுகள் இதைத் 'திருக்காமக்கோட்டம்' என்று அழைக்கும். பழைய கோவில்களிலும் பின்னால் சேர்த்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் வடகயிலாயம் என்ற சிவன் சன்னதியே பிற்காலத்தில் அம்மன் சன்னதியானது. இதை எப்படிப் படிப்பது? அம்மனுக்கு உரிமை கிடைத்தது என்றும் சொல்லலாம், அவள் மனைவியாக மட்டும் உள்ளே வர முடிந்தது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இடமே கிடைக்காமல் போனவளும் உண்டு. பல்லவர், சோழர் காலங்களில் ஜேஷ்டா தேவி என்ற மூத்த தேவி கோவில்களில் மரியாதையாக உட்கார்ந்திருந்தாள். காஞ்சி கைலாசநாதர் கோவிலில் இன்றும் அவள் சிற்பம் இருக்கிறது. இன்றோ அவள் பெயர் 'மூதேவி' என்று திட்டுவதற்கு மட்டும்தான் பயன்படுகிறது.

"அவ கேட்டாளா?"

இதெல்லாம் பழங்கதை, இப்போது யாருக்கு என்ன என்று கேட்கலாம். சில வருடங்களுக்கு முன் எங்கள் கிராமத்து அம்மன் கோவில் திருப்பணிக் கமிட்டி என்னைக் கூப்பிட்டுப் பிளானும் எஸ்டிமேட்டும் கேட்டது. அதுவரை அங்கே இருந்தது ஒரு வேப்பமரம், ஒரு பீடம், ஒரு நடுகல், ஒரு சூலம். வடக்குப் பார்த்த வாசல். பிளானை விரித்ததும் பெரியப்பா முறை உள்ள ஒருவர் சொன்னார்: "எல்லாம் சரி தம்பி, அம்மன் தனியா நிக்கிறா பாரு. பக்கத்துல ஐயாவுக்கும் ஒரு சன்னதி போட்டா கோவில் நிறைவா இருக்கும். பேரையும் ஸ்ரீ துர்கா பரமேஸ்வரின்னு மாத்திடலாம். வெளியூர்ல இருக்கிறவங்க நன்கொடை குடுக்கவும் நல்லா இருக்கும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மனுக்குக் கௌரவம் கூட வேண்டும் என்ற ஆசைதான். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது 900 வருடத்துக்கு முன் சோழ நாட்டில் நடந்ததையேதான். அப்போது சரி, இப்போது தப்பு என்று சொல்ல நான் யார்? எனக்குப் பதில் வரவில்லை. பொங்கல் பானையோடு ஓரமாக நின்றிருந்த வயதான அத்தை ஒருவர்தான் கேட்டார்: "ஏன்ப்பா, அவ கேட்டாளா?"

கமிட்டியில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு நான் சொன்னது இது. மாமல்லபுரத்தில் பழசை அழிக்காமல் புதுசைப் பக்கத்தில் வைத்தார்கள். அதனால்தான் 1,300 வருடம் கழித்தும் மான் நமக்குத் தெரிகிறது. நாம் பெயரை மாற்றி, கல்லை எடுத்து, கிரானைட் சிலை வைத்து விட்டால் நம் பேரப் பிள்ளைகளுக்கு எந்த இணைப்பும் தெரியாது. இந்த ஊருக்குத் தனியாக எழுதி வைத்த சரித்திரம் கிடையாது, அந்தக் கல்தான் சரித்திரம். வாதம் மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் பெயர் மாறவில்லை, கல் நகரவில்லை, இரண்டாவது சன்னதி வரவில்லை. மேலே மண்டபமும் சுற்றிச் சுவரும் மட்டும் கட்டினோம். வேப்பமரத்துக்காக ஒரு தூணைத் தள்ளிப் போட்டேன். எஸ்டிமேட் கொஞ்சம் கூடத்தான் செய்தது.

ஊர் அம்மன்களைச் சிறு தெய்வம் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் வாழ்க்கையோடு சேர்ந்து மாறிக் கொண்டே வந்திருக்கிறார்கள். பெரியம்மைக்கு அஞ்சித்தான் மாரியம்மனைக் கும்பிட்டார்கள் என்று பாடப் புத்தகத்தனமாகச் சொல்வோம். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975-ல் வந்தது. உலகமே அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980-ல் அறிவித்தது. மாரியம்மன் போய் விட்டாளா? சமயபுரத்தில் ஒவ்வொரு வருடமும் பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள், கூட்டம் கூடிக் கொண்டேதான் போகிறது. கோவில்களில் ஆடு கோழி பலியிடத் தடை விதிக்கும் 1950-ம் வருடச் சட்டத்தை 2003-ல் தமிழக அரசு கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னபோது, கிராமங்களில் எழுந்த எதிர்ப்பில் 2004-ல் அந்தச் சட்டமே ரத்தானது. பலி வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். ஆனால் சாலினி கேட்ட பலியும், புள்ளமங்கை வீரனும், எங்கள் ஊர் ஆடி மாதமும் ஒரே கயிற்றின் முடிச்சுகள் என்பது மட்டும் தெரிந்தது.

தனியாக நிற்பவள்

அம்மனுக்குக் கல்யாணம் ஆவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மதுரையைப் பாருங்கள். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்கு முதலில் பட்டாபிஷேகம், அப்புறம் திக்விஜயம், அதற்குப் பிறகுதான் திருக்கல்யாணம். செங்கோல் வாங்கிய பிறகே தாலி! சித்திரை முதல் ஆவணி வரை மதுரையில் அவள் ஆட்சி என்பது ஐதீகம். சுவாமியைப் பார்க்கும் முன் மக்கள் அவளைத்தான் பார்க்கிறார்கள். தென்னாட்டை ஆண்ட பண்டேயா என்ற அரசியைப் பற்றி மெகஸ்தனிஸ் கேள்விப்பட்டு எழுதியதும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஆக, துணை இருந்தும் தன் இடத்தை விடாதவளும் நம் மரபில் இருக்கிறாள், துணையே இல்லாமல் முழுமையாக இருப்பவளும் இருக்கிறாள்.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் எனக்கு இடிக்கிறது. அம்மனுக்கு நிலம் எழுதி வைத்த ஆயிரம் வருடக் கல்வெட்டுகள் நம்மிடம் உண்டு. வீட்டில் பிறந்த மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போல் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-ல்தான் சட்டமானது, நாடு முழுவதற்கும் 2005-ல். பெண்ணைத் தெய்வமாக்குவது சுலபம், பங்காளியாக்குவதுதான் கஷ்டம் போலிருக்கிறது! நம் வகுப்பில் படித்த தோழிகளில் சிலர் ஏன் வேலையை விட்டார்கள், தனியாக இருப்பவர்களை உறவினர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்பதெல்லாம் சந்திப்பு நாளில் ஒவ்வொருவர் வாயிலும் வரும். அப்போது பெரியப்பா மாதிரி நாமும் "தனியா நிக்கிறாளே" என்று ஆரம்பிக்காமல் இருந்தால் போதும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு சின்ன வேலை. உங்கள் ஊரில் சோழர் காலத்துச் சிவன் கோவில் இருந்தால், பிரதட்சிணமாக வரும்போது வடக்குச் சுவரில் கொஞ்சம் நில்லுங்கள். எலுமிச்சை விளக்குப் புகையும் மஞ்சள் துணியும் மறைத்திருக்கும். குருக்களிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். எருமைத் தலை, சங்கு, சக்கரம், சிங்கம் எல்லாம் இருக்கிறதா என்று குறித்துக் கொள்ளுங்கள். மானும் இருந்தால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள். என் முகவரி சங்க அலுவலகத்தில் இருக்கிறது.